கடல் கடந்து ஓர் அறக்கட்டளை: தொடங்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

நியூ ஜெர்சியில் குடியேறி அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவருக்கு, தான் படித்த கிராமத்துப் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஊரிலிருக்கும் தம்பியைக் கூப்பிட்டு, “ஒரு டிரஸ்ட் போட்டுடலாம்டா, மாசாமாசம் நான் பணம் அனுப்பிடறேன்” என்கிறார். தம்பி ஆடிட்டரிடம் போகிறார். டிரஸ்டின் பெயர் என்ன, நோக்கம் என்ன என்பதெல்லாம் அப்புறம். “உங்க அண்ணன் கையில எந்த நாட்டு பாஸ்போர்ட் சார் இருக்கு?” என்பதுதான் ஆடிட்டரின் முதல் கேள்வி.

பிறந்த ஊர் எதுவானாலும், பாஸ்போர்ட் வேறு நாட்டுடையது என்றால் சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர்தான். பின்னால் நாம் பார்க்கப்போகும், ஆந்திரத்தின் அனந்தபூரில் தொண்டு செய்த ஸ்பானியரும் அப்படித்தான். டாலஸில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் மதுரைக்காரரையும் அமெரிக்கச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது.

வெளிநாட்டவர் இன்னொரு நாட்டில் தொண்டு நிறுவனம் தொடங்கலாமா என்று கேட்டால், பெரும்பாலான நாடுகளில் தொடங்கலாம் என்பதே பதில். அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவனத்தைப் பதிவு செய்வது, அந்த நாட்டில் தங்கி அதற்காக வேலை பார்ப்பது, அதற்குப் பணம் தருவது, அதன் முடிவுகளை எடுப்பது ஆகிய நான்கும் தனித்தனி விஷயங்கள். ஒவ்வொன்றையும் வேறு சட்டம், வேறு அலுவலகம் பார்க்கிறது. ஓரிடத்தில் கிடைத்த அனுமதி அடுத்த இடத்தில் செல்லாது. எனவே நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதிவு: யார் தொடங்கலாம்?

இந்தியாவில் லாப நோக்கமற்ற நிறுவனத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. முதலாவது அறக்கட்டளை. நிறுவுபவர் ஒரு தொகையை ஒதுக்கி, அறங்காவலர்களை நியமித்து, பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. இரண்டாவது சங்கம். தமிழ்நாட்டில் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். மூன்றாவது, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி அமையும் கம்பெனி. இதில் வரும் லாபத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

கம்பெனிச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு நிபந்தனை இருக்கிறது. இயக்குநர்களில் ஒருவராவது அந்த நிதியாண்டில் 182 நாட்களாவது இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று அந்த விதி கேட்பதில்லை, இங்கே எத்தனை நாள் இருந்தார் என்றுதான் கேட்கிறது. பொறுப்பைக் கேட்டுக் கதவைத் தட்டினால் திறக்க உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மற்ற நாடுகளும் இதே கவலையைத் தங்கள் வழியில் தீர்க்கின்றன. இங்கிலாந்தில் அறங்காவலராக இருக்கக் குடியுரிமை தேவையில்லை. சிங்கப்பூரில் அறநிறுவனமாகப் பதிய விரும்பினால் நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும், அவர்களில் குறைந்தது இருவர் சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். நேபாளத்தில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் சமூக நலக் கவுன்சிலோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, உள்ளூர் நிறுவனம் ஒன்றின் வழியாகவே வேலை செய்ய முடியும். அமெரிக்காவில் இந்தப் பதிவு மாநில அரசின் கையில் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் இயக்குநர்களின் குடியுரிமையைக் கேட்பதில்லை, ஆனால் அரசின் கடிதங்களைப் பெற்றுக்கொள்ள அந்த மாநிலத்திலேயே முகவரி உள்ள ஒரு பதிவு முகவர் இருந்தாக வேண்டும்.

ஆக, நான்கு கேள்விகளில் இதுதான் எளியது. பத்திரமும் சான்றிதழும் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். அதனாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பும் வந்துவிடுகிறது.

விசா: தங்கி வேலை பார்க்கலாமா?

நிறுவனத்தை நிறுவியவர் என்பதற்காக எந்த நாடும் ஒருவருக்குத் தங்கும் உரிமை தருவதில்லை. இதற்கு விசென்டே ஃபெரரின் கதையை விடத் தெளிவான உதாரணம் இந்தியாவில் இல்லை.

பார்சிலோனாவில் 1920-இல் பிறந்த ஃபெரர், இயேசு சபையைச் சேர்ந்தவராக 1952-இல் மும்பைக்கு வந்தார். மகாராஷ்டிரத்தின் மன்மாட் பகுதியில் விவசாயிகளோடு சேர்ந்து கிணறுகள் வெட்டும் வேலையில் இறங்கினார். நிலம் இல்லாதவர்களும் சிறு விவசாயிகளும் அவர் பின்னால் திரண்டது உள்ளூர்ப் பெரிய கைகளுக்குப் பிடிக்கவில்லை. 1968-இல் நாட்டை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு வந்தது. அவருக்காக ஆயிரக்கணக்கான விவசாயிகள் மும்பையை நோக்கி நடந்தார்கள். பிரதமர் இந்திரா காந்தி தலையிட்ட பிறகு, சிறிது காலம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு 1969-இல் அவர் திரும்பி வந்தார். இந்த முறை வந்த இடம், வறட்சிக்குப் பேர்போன ஆந்திரத்தின் அனந்தபூர். அங்கே அவரும் ஆங்கிலேயப் பத்திரிகையாளரான அவருடைய மனைவி அன்னாவும் வளர்த்தெடுத்த ஊரக வளர்ச்சி அறக்கட்டளையை ஊர் மக்கள் ஆர்.டி.டி. என்கிறார்கள். பள்ளி, மருத்துவமனை, வீடு, நீர்த்தேக்கம் என்று அதன் வேலை விரிந்தது. ஃபெரர் 2009-இல் அனந்தபூரிலேயே காலமானார்.

அவருக்காக நடக்க ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். அவ்வளவு செல்வாக்கு இருந்தவருக்கே தங்கும் உரிமை ஓர் உத்தரவில் போய்விட்டது என்பதுதான் இங்கே பாடம்.

இன்றைய விதிகளில், பதிவு பெற்ற இந்தியத் தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் கௌரவ வேலை செய்ய வரும் வெளிநாட்டவருக்கு வேலைவாய்ப்பு விசா தர வழி இருக்கிறது. அந்த விசாவில் எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது குறிப்பிடப்படும். வேறு நிறுவனத்துக்கு, வேறு ஊருக்கு நினைத்தபடி மாறிக்கொள்ள முடியாது. சுற்றுலா விசாவில் வந்து, வருஷக்கணக்கில் ஆசிரமமோ பள்ளியோ நடத்துவது விசா மீறல். “நான் ஒரு பைசா வாங்கலையே” என்பது அங்கே எடுபடாது.

வெளிநாட்டு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓ.சி.ஐ. வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. அவர் இந்தியாவில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் தங்கலாம், வேலை பார்க்கலாம். மதப் பிரசாரம், பத்திரிகைத் தொழில், ஆராய்ச்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும். ஆனால் இந்த அட்டை தரும் சுகம் விசாவோடு முடிந்துவிடுகிறது. பணம் என்று வரும்போது அவர் மறுபடியும் வெளிநாட்டவர் ஆகிவிடுகிறார்.

பணம்: யார் தந்தது, எந்தக் கணக்கில் வந்தது?

இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் சட்டம் முதலில் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில் வந்தது. அதற்குப் பதிலாக 2010-இல் வந்ததுதான் இப்போதுள்ள வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். தொண்டு நிறுவனங்களில் இதை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கேட்க முடியாது, எஃப்.சி.ஆர்.ஏ. என்றுதான் சொல்வார்கள். 2020-இல் அதை அரசு மேலும் இறுக்கியது.

இந்தச் சட்டத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதை விட, தருபவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைத்தான் அது பார்க்கிறது. துபாயில் வேலை பார்க்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரர் தன் சம்பளச் சேமிப்பிலிருந்து ஊர் அறக்கட்டளைக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர், இப்போது அமெரிக்கக் குடிமகன், திருவிழாவுக்கு வந்திருக்கும்போது சட்டைப் பையிலிருந்து 10,000 ரூபாயை எடுத்து அதே அறக்கட்டளையிடம் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. நோட்டில் காந்தி படம் இருந்தாலும், கையில் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அதுதான் நிலை. ரசீது போடும் பொருளாளர் பாஸ்போர்ட்டைக் கேட்கத் தயங்கினால் சிக்கல் நிறுவனத்துக்கு வருகிறது. சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது.

இப்போது நியூ ஜெர்சிக்காரர் விஷயத்துக்கு வருவோம். அவரே அறக்கட்டளையை நிறுவி, பத்திரத்தில் எழுதும் முதல் ஐயாயிரம் ரூபாயைத் தன் பணத்திலிருந்து கொடுத்தால், அந்த ஐயாயிரமே வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். பதிவு வேண்டுமென்றால் நிறுவனம் தொடங்கி மூன்று ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று நிதியாண்டுகளில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். அந்த 15 லட்சமும் உள்நாட்டுப் பணமாகவே இருந்தாக வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், வெளிநாட்டுப் பணத்தை நம்பித் தொடங்கும் நிறுவனம் முதல் மூன்று ஆண்டுகள் வெளிநாட்டுப் பணம் இல்லாமல் நடந்து காட்ட வேண்டும்.

இதற்கு ஒரு மாற்றுவழி முன் அனுமதி. இன்ன நன்கொடையாளர், இன்ன தொகை, இன்ன வேலை என்று குறிப்பிட்டு உள்துறை அமைச்சகத்திடம் விண்ணப்பித்து, அந்த ஒரு வரவுக்கு மட்டும் அனுமதி வாங்கலாம். அங்கேயும் வெளிநாட்டு நிறுவனருக்கு நேரடியாக உறைக்கும் ஒரு விதி காத்திருக்கிறது. கொடுக்கும் நிறுவனத்திலும் வாங்கும் நிறுவனத்திலும் ஒரே ஆட்கள் இருந்தால், வாங்கும் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பாளர் கொடுக்கும் நிறுவனத்தில் இருக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் 75 சதவீதம் பேர் கொடுக்கும் நிறுவனத்தின் உறுப்பினரோ ஊழியரோ ஆகாதவர்களாக இருக்க வேண்டும். கொடுப்பவர் தனி ஆள் என்றால், அவர் வாங்கும் நிறுவனத்தில் பொறுப்பு வகிக்கக் கூடாது. குழுவில் 75 சதவீதம் பேர் அவருடைய குடும்பத்தாரோ நெருங்கிய உறவினரோ ஆகாதவர்களாக இருக்க வேண்டும். அண்ணன் பணம் அனுப்ப, தம்பியும் தம்பி மனைவியும் மச்சானும் அறங்காவலர்களாக இருக்கும் வழக்கமான குடும்ப டிரஸ்ட் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

பதிவு கிடைத்துவிட்டால் அதோடு வேலை ஓய்வதில்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை முழுவதும் முதலில் புது தில்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில், அதற்கென்று தொடங்கிய கணக்குக்கு வர வேண்டும். திண்டுக்கல் பக்கம் உள்ள சிறு நிறுவனமானாலும் அங்கேதான் கணக்கு. அங்கிருந்து உள்ளூர் வங்கிக் கணக்குக்கு மாற்றிச் செலவழிக்கலாம், ஆனால் உள்நாட்டுப் பணத்தோடு கலக்கக் கூடாது. வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதும் கூடாது. நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள முடிந்தது, இப்போது 20 சதவீதம்தான். ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். பதிவின் ஆயுள் ஐந்து ஆண்டு. அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும்.

கணக்கைக் காட்டாதது, புதுப்பிக்காதது, விதிகளை மீறியது எனப் பல காரணங்களால் இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பதிவு ரத்தாகியிருக்கிறது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. அனந்தபூர் அறக்கட்டளையின் பதிவு 2025-இல் புதுப்பிக்கப்படாமல் நின்றபோது அங்கே மக்கள் பேரணி நடத்தினார்கள். வருமானத்தின் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வரும் ஒரு நிறுவனத்துக்கு, பதிவு நின்றால் மருத்துவமனையும் பள்ளியும் தள்ளாடும்.

பொறுப்பு: வெளிநாட்டவர் குழுவில் இருக்கலாமா?

அறங்காவலர் பட்டியலில் வெளிநாட்டவர் பெயர் இருப்பதை அறக்கட்டளைப் பதிவு தடுக்காமல் இருக்கலாம். ஆனால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு கேட்டுப் போகும்போது அந்தப் பெயரே இடறும். இந்திய வம்சாவளியைச் சேராத வெளிநாட்டவர் நிர்வாகக் குழுவில் இருக்கும் நிறுவனங்களுக்குப் பொதுவாக அனுமதி தருவதில்லை என்பது உள்துறை அமைச்சகத்தின் நெடுநாள் வழிகாட்டுதல். அதற்குச் சில விலக்குகள் உண்டு. இந்தியரை மணந்தவர், இந்தியாவில் ஐந்து ஆண்டாவது தங்கி வேலை பார்த்தவர், மருத்துவம் போன்ற துறைகளில் தன் நிபுணத்துவத்தை இங்கே சம்பளமில்லாமல் தந்தவர் ஆகியோரின் விண்ணப்பங்களைத் தனியாகப் பரிசீலிக்கிறார்கள்.

இந்த விலக்குகளைப் பார்த்தால் அரசின் கணக்கு புரியும். இங்கே வேர் பிடித்தவரா, வெளியிலிருந்து கயிறு இழுப்பவரா என்பதே அதன் சந்தேகம். அந்தச் சந்தேகம் எல்லா நேரமும் நியாயமானது என்று சொல்ல முடியாது. தொண்டு செய்பவர்கள் மீது அரசு காட்டும் கெடுபிடி குறித்து நெடுங்காலமாக விமர்சனமும் வழக்கும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைச் சட்டம் கேட்காவிட்டாலும் நிறுவனர் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். நீண்ட நாள் நின்ற நிறுவனங்களின் வரலாறு அதைத்தான் காட்டுகிறது.

வேலூரை எடுத்துக்கொள்வோம். ராணிப்பேட்டையில் அமெரிக்க மிஷனரிக் குடும்பத்தில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் சிகிச்சை தொடங்கினார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தந்த 10,000 டாலரில் கட்டிய மருத்துவமனை 1902-இல் திறந்தது. அங்கே நின்றிருந்தால் அது ஒரு நல்ல அமெரிக்கப் பெண்மணியின் நல்ல மருத்துவமனையாக இருந்து, அவரோடு முடிந்திருக்கும். அவர் 1909-இல் செவிலியர் பள்ளியும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். தன் வேலையைச் செய்ய உள்ளூர்ப் பெண்களைத் தயார் செய்தார். நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஹில்டா லாசரஸ் அந்த நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அமெரிக்காவில் அதற்காகப் பணம் திரட்டும் வேலையைத் தனி அமைப்பு ஒன்று பார்த்துக்கொண்டது. பணம் அங்கே, முடிவு இங்கே என்ற இந்தப் பிரிவினை இன்றும் நல்ல ஏற்பாடு.

இன்னொரு உதாரணம் மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது. அமெரிக்காவில் பிறந்த ரோமுலஸ் விட்டேகர் 1975-இல் இந்தியக் குடியுரிமையே வாங்கிக்கொண்டார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புத் தோல் வணிகத் தடையும் வந்த பிறகு, பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் வேலையிழந்தார்கள். விட்டேகரின் முயற்சியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சு பாம்புக்கடி மருந்து தயாரிப்பவர்களுக்குப் போகிறது. சங்கத்தின் உறுப்பினர்கள் இருளர்கள். தொழில் தெரிந்தவர்கள் அவர்களே, கூலி வாங்குபவர்களும் அவர்களே. வெளியிலிருந்து வந்தவர் கொண்டுவந்தது ஒரு யோசனையும் சில தொடர்புகளும்தான்.

எதிர்த்திசையில் போன கதையும் தெரிந்திருக்க வேண்டும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைக் கிராமங்களில் பள்ளி கட்ட அமெரிக்கர் கிரெக் மார்ட்டென்சன் 1996-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் எழுதிய நூல் லட்சக்கணக்கில் விற்று, நன்கொடை குவிந்தது. 2011-இல் கணக்கு குறித்துக் கேள்விகள் எழுந்தன. மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞர் விசாரித்தார். நிறுவனத்தின் பணம் அவருடைய சொந்தச் செலவுகளுக்கும் போயிருந்தது தெரியவந்து, 2012-இல் பத்து லட்சம் டாலர் அளவுக்கு அவர் திருப்பித் தர உடன்பட்டார். அப்போது அந்த இயக்குநர் குழுவில் இருந்தவர்கள் அவரையும் சேர்த்து மூன்றே பேர். கேள்வி கேட்க ஆளில்லை. பள்ளிகள் இருந்த ஊர்களிலிருந்து கேட்டிருக்கக் கூடியவர்கள் அந்தக் குழுவுக்கு வெகு தொலைவில் இருந்தார்கள்.

நிறுவனர் மறைந்த பிறகு யார் என்பதும் இதே கேள்வியின் மறுபக்கம். ஆரோவில் 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியது. அதை நிறுவிய, அன்னை என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் பெண்மணி மிர்ரா அல்ஃபாசா 1973-இல் மறைந்ததும், சொத்தும் நிர்வாகமும் யாருக்கு என்பதில் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டிக்கும் குடியிருப்பவர்களுக்கும் பிணக்கு மூண்டது. 1980-இல் மத்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, 1988-இல் தனிச் சட்டமே வந்தது. இப்போது ஆரோவிலின் ஆளுகைக் குழுவை நியமிப்பது மத்திய அரசு.

அமெரிக்காவில் தொடங்கும் தமிழருக்கு

திசையைத் திருப்பிப் பார்ப்போம். இந்தியாவிலிருந்து படிக்கவும் வேலைக்கும் போனவர்கள் அங்கே தொண்டு நிறுவனம் தொடங்குவது புதிதல்ல. ஆஷா ஃபார் எஜுகேஷன் 1991-இல் பெர்க்லியிலும், எய்ட் என்னும் அமைப்பு அதே ஆண்டு மேரிலாந்திலும் இந்திய மாணவர்களால் தொடங்கப்பட்டவை. இன்று ஊருக்கு ஊர் இருக்கும் தமிழ்ச் சங்கங்களும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் பெரும்பாலும் இதே சட்ட வடிவத்தில் நடப்பவைதான்.

மாநிலப் பதிவுக்கு எத்தனை இயக்குநர் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். டெக்சஸில் மூன்று பேராவது வேண்டும், கலிபோர்னியாவில் ஒருவர் போதும். அடுத்து, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க மத்திய வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸிடம் 501(சி)(3) தகுதி வாங்க வேண்டும். ஆண்டு வரவு 50,000 டாலருக்கு மிகாது, சொத்து இரண்டரை லட்சம் டாலருக்கு மிகாது என்றால் சுருக்கமான விண்ணப்பம் போதும், கட்டணம் 275 டாலர். அதற்கு மேல் என்றால் நீண்ட விண்ணப்பம், 600 டாலர். நிறுவனம் உருவாகி 27 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் தொடங்கிய நாளிலிருந்தே சலுகை செல்லும்.

பதிவோடு வேலை முடிவதில்லை என்பது இங்கேயும் பொருந்தும். சிறிய நிறுவனமானாலும் ஆண்டுதோறும் ஒரு மின்னஞ்சலட்டை அளவு அறிக்கையாவது ஐ.ஆர்.எஸ்.ஸுக்குப் போக வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டுவிட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே போய்விடும். தலைவர் மாறும்போது கடவுச்சொல்லை ஒப்படைக்காததால் தகுதியை இழக்கும் ஆபத்து, ஆண்டுதோறும் நிர்வாகிகள் மாறும் சங்கங்களுக்கு உண்டு.

எச்-1பி விசாவில் இருப்பவர் இயக்குநர் குழுவில் சம்பளமில்லாமல் இருக்கலாம், தலைவராகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு விசா எடுத்துக் கொடுத்த முதலாளியிடம் மட்டுமே சம்பளத்துக்கு வேலை பார்க்க அவருக்கு அனுமதி. சனிக்கிழமை பாடம் நடத்தியதற்கு என்று பள்ளி நூறு டாலர் காசோலை எழுதிக் கொடுத்து அவர் வாங்கினால், அனுமதியில்லாத வேலை செய்தவராகிவிடுவார். வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4 விசாக்காரருக்கும் இதுவேதான். வழக்கமாகச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை, விசாவுக்காகத் தொண்டு என்று பெயர் மாற்றிச் செய்வதும் பாதுகாப்பல்ல. பள்ளிக்கூட வேலை பல பேருக்குக் குடும்பத்தின் விசா நிலையோடு பிணைந்திருப்பதால், பணம் தரும் பொறுப்புகளை கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்களுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

அமெரிக்காவில் வசூலித்து இந்தியாவுக்கு அனுப்பும் நிறுவனம் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, வாங்கிய பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அமெரிக்க நிறுவனத்தின் குழுவிடமே இருக்க வேண்டும். “இந்த ஆயிரம் டாலரை என் மாமா டிரஸ்டுக்கு அனுப்பிடுங்க” என்று கொடுப்பதை அப்படியே கைமாற்றி விடும் வெறும் குழாயாக அந்த நிறுவனம் இருந்தால், கொடுத்தவரின் வரிச்சலுகை ஆட்டம் காணும். இந்தியப் பக்கமோ, வாங்கும் நிறுவனத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இருந்தே தீர வேண்டும். இரண்டு பக்கக் குழுவிலும் அதே நான்கு பேர் இருந்தால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

எங்கிருந்து தொடங்குவது?

புது நிறுவனம் வேண்டுமா என்பதிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் செய்ய நினைக்கும் வேலையை அந்த ஊரில் ஏற்கெனவே செய்துவரும், உரிய பதிவுகள் கையில் உள்ள நிறுவனம் ஒன்று இருந்தால், அதற்குப் பணமும் நேரமும் தருவதே பெரும்பாலும் வேகமான வழி. அதன் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கைக் கேளுங்கள். தயங்காமல் தருகிறார்களா என்பதே ஒரு பதில்.

புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்றால் பணத்துக்கு முன் ஆட்களைத் தேடுங்கள். அந்த ஊரில் வசிப்பவர்கள், உங்கள் சொந்தக்காரர் அல்லாதவர்கள், உங்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக்கூடியவர்கள் நாலைந்து பேராவது குழுவில் வேண்டும். அப்படி ஆட்கள் கிடைக்காவிட்டால், அந்த ஊருக்கு உங்கள் நிறுவனம் தேவைப்படவில்லை என்றும் அர்த்தமாகலாம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு உள்நாட்டிலேயே, இந்தியக் குடிமக்களிடமிருந்தே, திரட்ட முடிகிற அளவுக்கு வேலையைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் கொடுத்தவரின் குடியுரிமையை எழுதும் பழக்கத்தை முதல் ரசீதிலேயே தொடங்குங்கள். குழு கூடும்போதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்குப் பின் தலைமை யாருக்கு, நிறுவனத்தை மூடினால் சொத்து எங்கே போகும் என்ற இரண்டையும் பத்திரம் எழுதும் நாளிலேயே எழுதிவிடுங்கள்.

பட்ஜெட் போடும்போது ஆடிட்டர் கட்டணத்தை முதல் வரியில் போடுங்கள். தொண்டுக்கென்று வந்த பணத்தில் ஆடிட்டருக்கா என்று தோன்றும். வெளிநாட்டவர் நிறுவிய நிறுவனத்தைச் சட்டம் மற்றதை விடக் கூர்ந்து பார்க்கும். ஆண்டுக் கணக்கை ஒழுங்காக வைக்கும் செலவைத் தாங்க முடியாத நிறுவனத்தை இந்த ஆண்டு பதிவு செய்யாமல் விடுவதே நல்லது. பள்ளிக்கு மேசை வாங்கிக் கொடுக்க அறக்கட்டளை தேவையில்லை. வேலை வளர்ந்து, ஆட்கள் சேர்ந்த பிறகு பத்திரம் எழுதிக்கொள்ளலாம்.